மெட்ராஸில் தொலைந்த பச்சைத் துண்டு

அன்று மவுண்ட் ரோட்டில், பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிர்ப்புறம் நின்றவர்கள் மொத்தம் நான்கு பேர். என் மாமனார் வீரணன், சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அவருடைய தங்கை பேச்சியம்மாள், எனக்குச் சின்னம்மா முறை. அனுமந்தன்பட்டி சவரிமுத்து, கருகிப்போன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், என் கூட்டாளி. பிறகு நான், கம்பத்தில் தையல்கடை.

ஐந்தாவதாக யாரும் கிடையாது. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அன்று விடிந்ததிலிருந்து முப்பது தடவையாவது எண்ணியிருப்பேன்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் மறுபடி எண்ணினேன். மூன்று வந்தது. என்னை விட்டுவிட்டு எண்ணிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். என்னையும் சேர்த்துத்தான் மூன்று.

மாமனாரைக் காணவில்லை.

ஊர்வலம் ஒன்று அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. தார் ரோட்டில் அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது. அதுவரை காத்து நின்ற மாடி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நகர்ந்தது. அந்த டீசல் புகை வாடை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் கூட இருப்பவர்களை ஒரு தடவை எண்ணிவிடுவேன்.

எண்ணுகிற புத்தி

சென்ற வாரம் என் முதல் தையல் மிஷினைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த மிஷினுக்கு முன்னாலேயே என்னிடம் வந்து சேர்ந்தது இந்த எண்ணுகிற புத்தி. வீரபாண்டித் திருவிழாவில் வந்தது.

ஐந்தாறு வயதிருக்கும். அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பொரிகடலை வாங்கத் திரும்பினார். அவ்வளவுதான். அக்கினிச்சட்டிகளுக்கும் கால்களுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் நின்றேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேட்டிகள். எல்லாமே வெள்ளை. எது அப்பாவின் வேட்டி என்று தெரியவில்லை.

அன்று பிடித்த பயம் விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஏழாம் வகுப்பில் படிப்பு நின்றதும் இப்படித்தான். அப்பாவுக்குக் கால் வீங்கி மிஷின் மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு நிற்கலாம் என்றார். வாத்தியார் என்ன சொல்வாரோ என்று கவலைப்பட்டு, சொல்லாமலே நின்றுவிட்டேன். அவர் இருந்தவரைக்கும் அவர் தெருப் பக்கம் போனதில்லை.

இப்படிப்பட்டவன் பொறுப்பில்தான் மூன்று பேர் மெட்ராஸ் பார்க்கக் கிளம்பினார்கள்.

கேட்டது மாமனார்தான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் "வாங்க மாப்ள", "சாப்பிடுங்க மாப்ள" என்பதற்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை. அந்தப் பொங்கலுக்குப் பன்னீர்த் திராட்சை நல்ல விலைக்குப் போனது. மதுரையைத் தாண்டாத மனிதர், கடை வாசலில் வந்து நின்று, கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு, மெட்ராஸ் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டார். எனக்குத் துணி கோணலாக வெட்டுப்பட்டது.

என் வீட்டுக்காரி ராசாத்தி அப்போது நிறைமாசம் நெருங்கி, சுருளிப்பட்டியில் அப்பா வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். தாய் இல்லாத பிள்ளை அவள். அப்பாதான் எல்லாம்.

கிளம்பும்போது என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அப்பா கண்டதப் பாத்தா நின்னுருவாக. கைய விட்டுறாதீக. எனக்கு வேற யாரு இருக்கா?"

பச்சை யாருக்கும் சொந்தமில்லை

பித்தான் கையோடு வந்துவிட்டது. நான் அதைத் தைத்துக்கொண்டே யோசித்தேன். கூட்டத்தில் ஆளைப் பிரித்துத் தெரிய என்ன வழி? வீரபாண்டி வேட்டிகள் நினைவுக்கு வந்தன. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துண்டு வாங்கிவிட வேண்டியது.

வெள்ளை ஆகாது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் ஒரு கட்சியோ ஒரு சாமியோ இருந்தது. நீலம் அழுக்குத் தெரியாது, இருட்டில் ஆளும் தெரியாது. பச்சைத் துண்டு தோளில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டித் தறிக்காரர் ஒருவரிடம் சொல்லி, கிளிப்பச்சையில் மூன்று துண்டு வாங்கினேன். சின்னம்மா துண்டு போட மாட்டேன் என்றார். தறியில் மிஞ்சிய அதே துணியை வாங்கி அவருக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தேன்.

அடுத்தது விலாசம். மாமனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'இவரைக் கண்டெடுத்தவர்கள் கம்பத்தில் கீழ்க்கண்ட தையல்கடையில் சேர்க்கவும்' என்று எழுதி, மெழுகுத் தாளில் சுற்றி, அவர் அண்டிராயர் பையில் வைத்துத் தைத்தேன். மெட்ராஸில் தொலைகிறவரைக் கம்பத்தில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று அந்த ராத்திரி எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகப் பணம். எல்லோருக்கும் உள்பை தைத்திருந்தேன். ரயிலில், எதிரே இருந்தவர் மெட்ராஸ் பிக்பாக்கெட்டைப் பற்றி ஒரு கதை சொன்னார். பிளேடால் அறுத்தால் தோலுக்குக்கூடத் தெரியாதாம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. விடிவதற்குள் மூன்று பேரையும் எழுப்பி, பணத்தையெல்லாம் வாங்கி என் பனியன் பையில் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

மாமனார் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார். சின்னம்மாதான், "ஏப்பா, எங்கள அறுத்தா கொஞ்சந்தான் போகும். உன்னிய அறுத்தா மொத்தமும் போகுமே" என்றார். அதையும் நினைத்துக் கவலைப்பட்டேன். ஆனால் அதற்குள் தைத்தாகிவிட்டது.

திமிங்கிலமும் பெருமாள் சாமியும்

எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் காபிக் கடையில் ஆளுக்கொரு காபி குடித்தோம். கண்ணாடிக் கிளாஸில் நுரை நிற்க, சிக்கரி மணக்க இருந்த அந்தக் காபியை மாமனார் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். குளித்துவிட்டு நேரே செத்த காலேஜ். மியூசியத்துக்கு அப்போது ஊரெல்லாம் அதுதான் பெயர். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரண்டையும் பார்க்காமல் திரும்பியவன் மெட்ராஸ் போனவன் கணக்கில் வர மாட்டான்.

திமிங்கில எலும்புக்கூட்டுக்கு முன்னால் மாமனார் ரொம்ப நேரம் நின்றார். "எம்புட்டு நாளு பட்டினி கெடந்துச்சோ" என்றார். சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு தூண் பக்கம் போய்விட்டான்.

செப்புச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தார். பெருமாள் சிலை ஒன்று, ஆள் உயரம். பூசை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். பூசை கிடையாது மாமா, பார்க்க மட்டும்தான் என்றேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. சின்னம்மாவின் பச்சைப் பையிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையை எடுத்துப் பீடத்தில் வைத்தார். காவல்காரர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். வந்தவர், எடுத்த கொத்தைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் சவரிமுத்து பின்னால் சொல்லித் தெரிந்தது. நான் வாசல் பக்கம் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உயிர் காலேஜில் சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அதை முடித்துக்கொண்டு, உயரமான கட்டடம் பார்க்க மவுண்ட் ரோட்டுக்கு வந்தோம். அங்கேதான் கோஷம் கேட்டது.

ஏதோ ஒரு விவசாயிகள் சங்கம். மோட்டாருக்குக் கரண்டு ரேட்டைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம். எங்கள் பள்ளத்தாக்குப் பக்கம் அந்தச் சங்கம் அப்போது வந்திருக்கவில்லை. ரோடு வளையும் இடத்தில் முதல் வரிசை தெரிந்தது. நட்டு ஒரு மாதம் ஆன நெல்வயல் எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. அத்தனை பேர் தோளிலும் பச்சைத் துண்டு.

சவரிமுத்து மெதுவாகச் சொன்னான்: "டெய்லரே, நம்ம துண்டு வருது."

கழுத்தைப் பார்

லாட்ஜில் போய்ப் பார்த்தோம், வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். பச்சைத் துண்டு என்றேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "இன்னிக்கு மெட்ராஸ்ல காணாப்போனவன் எல்லாம் பச்சைத் துண்டுதான்யா" என்றார். பிறகு மனசு இரங்கி, ஊர்வலத்தில் பிடித்தவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பதாகச் சொல்லி வழியும் சொன்னார்.

வழி தெரிந்தது. பஸ் தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி, ஒன்றில் எதிர்த்திசையில் போய், மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு. எல்லோரையும் ஆறு மணிக்கே விட்டுவிட்டார்களாம். வாட்ச்மேன் மட்டும் இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"திராட்ச திராட்சன்னு பேசிக்கினே இருந்த பெர்சா? பொருட்காட்சி பாக்கப் போறேன்னு நாலு பேரோட கெளம்பிடுச்சுப்பா" என்றார்.

உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே போனது. கையில் காசில்லாத மனிதர். என் நெஞ்சுக்கு நேரே, பனியன் பைக்குள், அவருடைய பணம் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட அவர் யாரையோ கேட்டுத்தான் குடித்திருக்க வேண்டும்.

தீவுத்திடலுக்கு ஓடினோம். அந்தப் பொருட்காட்சி வாசல் வெளிச்சத்தை இப்போது நினைத்தால் கண் கூசுகிறது. ஆயிரம் பல்புகளால் ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள். வறுகடலை வாடை, மிளகாய் பஜ்ஜி எண்ணெய், மல்லிகைப்பூ, கூவம் எல்லாம் கலந்து ஒரு காற்று. மேடையில் நாடகம். நடுவில் ராட்சத ராட்டினம், கம்பிக்குக் கம்பி விளக்கு.

எங்கு பார்த்தாலும் பச்சைத் துண்டு. ஊர்வலத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் ஊர் திரும்புமுன் பொருட்காட்சிக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் ஒவ்வொரு தோளாகத் தட்டினேன். திரும்புகிற முகமெல்லாம் வேறு முகம். ஒருவர் கும்பிட்டார். ஒருவர் "நம்ம ஜில்லாவா?" என்றார். ஒருவர், நான் சங்கத்துக்கு நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்து எட்டணா கொடுத்தார்.

சின்னம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏப்பா, துண்டையே பாத்துக்கிட்டுத் திரியாத. கழுத்தப் பாரு. இம்புட்டுத் துண்டுல உன் துண்டுதான் சாயம் போகும்."

அப்போதுதான் சவரிமுத்துவைப் பார்த்தேன். காதுக்குக் கீழே கிளி மாதிரி இருந்தான். என் விரலால் என் கழுத்தைத் தடவினேன். விரலும் பச்சை.

அதற்கப்புறம் கழுத்துகளைப் பார்த்தேன். பொருட்காட்சி விளக்கணைக்கிற வரைக்கும் பார்த்தேன். பச்சைக் கழுத்து ஒன்றும் அகப்படவில்லை.

சின்னம்மா பார்த்த மெட்ராஸ்

எல்லாக் கூட்டமும் சினிமா இரண்டாம் ஆட்டம் விட்டதும் மவுண்ட் ரோட்டில்தான் வந்து கலக்கும் என்று சவரிமுத்து சொன்னான். அங்கே போய் நின்றோம். விளம்பர விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. சிவப்பில் மாமனார் மாதிரி ஒருவர் தெரிவார், நீலம் வந்ததும் வேறு ஆளாகிவிடுவார். பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து இங்கிலீஷ் பாட்டும் கொட்டுச் சத்தமும் வந்தது. கண்ணாடிக் கதவு திறந்தபோது குளிர்ந்த காற்று கால்வரை வந்தது. உள்ளே ஆட்டம் நடக்கிறது, ஒருவேளை மாமா உள்ளே இருந்தால் என்று சவரிமுத்து இழுத்தான்.

"அண்ணனத் தேட நீ உள்ள போறியா, உன்னத் தேட நாங்க நிக்கணுமா?" என்றார் சின்னம்மா. அவன் காது சாயத்தையும் மீறிச் சிவந்தது.

கடற்கரைக்குப் போனோம். மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். மணலில் குடும்பம் குடும்பமாகத் தூங்கினார்கள். கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தது. அது எங்கள் பக்கம் வரும் ஒவ்வொரு தடவையும் நான் தூங்குகிறவர்களின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்னைத் திருடன் என்று நினைத்து ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சின்னம்மா போய் அலையில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். கடலை அன்றுதான் பார்க்கிறார். "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு, ஒரு கெணத்துக்குக் குடுக்க மனசில்லையே இதுக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ராசாத்திக்கு என்னன்னு சொல்லப் போற?" என்று கேட்டார்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். தந்தி அடித்தால் அதைப் படித்த இடத்திலேயே அவள் விழுந்துவிடுவாள். அடிக்காமல் நாளை ராத்திரி வண்டியில் அவர் இல்லாமல் போய் இறங்கினால், வாசலில் நிற்கிறவளிடம் என்ன சொல்வது? இருட்டில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. பித்தானைத் திருகுகிற விரல் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன்.

சவரிமுத்து கழுத்துச் சிலுவையை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். சின்னம்மா ஈரக் காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொலைஞ்ச மாடு தேடுன எடத்துலயா நிக்கும்? மொத மொத எங்கன தண்ணி குடிச்சுச்சோ அங்கனதான் வந்து நிக்கும். எந்திரி."

எழுந்து எழும்பூருக்கு நடந்தோம். அந்த நேரத்தில் பஸ் இல்லை. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியிலேயே மடங்கித் தூங்கினார்கள். பால் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

காபிக் கடை பெஞ்சு

ஸ்டேஷன் காபிக் கடையில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில், முந்தின நாள் உட்கார்ந்த அதே மூலையில், மாமனார் உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் பச்சை.

எனக்கு அவர் காலில் விழுவதா கையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. அவர் எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ராத்திரி பூரா எங்க போயிட்டீக?" என்றார்.

சின்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

காபி வந்த பிறகுதான் மாமனார் பேசினார். மூன்று வருடத்துப் பேச்சையும் சேர்த்து அன்று பேசினார். கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டதா மாமா என்று கேட்டேன்.

"யாரு இழுத்தா? கரண்டு ரேட்டுன்னு கத்துனாக. நம்ம மோட்டாருக்கும் சேத்துத்தான கத்துறாகன்னு ரெண்டு எட்டு கூட நடந்தேன். திரும்பிப் பாத்தா உங்களக் காணோம்."

மண்டபத்தில் போலீஸ்காரர் ஒருவர் அண்டிராயர் பைச் சீட்டைப் படித்தாராம். கம்பம் எவ்வளவு தூரம் என்று கேட்டு, இவர் முன்னூறு மைல் என்றதும், கொண்டுபோய்ச் சேர்க்கத் தோதுப்படாது என்று சிரித்துவிட்டு மறுபடி இவர் பைக்குள்ளேயே வைத்துவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் பெருமாள். கையில் காசில்லை என்றதும் அவர்தான் எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாடு, பொருட்காட்சி டிக்கெட், பஜ்ஜி, நாடகம், பஸ், டீ. விடிவதற்குள் எழும்பூரில் கொண்டுவந்து விட்டுவிட்டும் போயிருக்கிறார். லாட்ஜ் அறை பூட்டியிருக்கவே இவர் பெஞ்சுக்கு வந்துவிட்டாராம்.

"ராட்டினமும் ஏறுனேன்" என்றார் மாமனார். கிளாஸை வைத்துவிட்டுக் கையை மேலே தூக்கிக் காட்டினார். "உச்சியில போயி நிறுத்திட்டான். மெட்ராஸ் பூரா வெளக்கு. சுருளி மலையில நின்னு ராத்திரியில கம்பத்தப் பாத்தாப்ல, ஆனா முடிவே இல்லாம. அங்கனருந்து உங்களப் பாத்தேன் மாப்ள. கீழ ஒருத்தரு விடாம ஒவ்வொருத்தரு தோளாத் தட்டிக்கிட்டு இருந்தீக. நானும் கூப்பிட்டேன். எறங்கி வாரதுக்குள்ள கூட்டத்துல மறைஞ்சிட்டீக."

தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். ஒரு நுனியில் ஆறு பெரிய முடிச்சு. மறு நுனியில் மூன்று சின்ன முடிச்சு. தோட்டத்தில் திராட்சைக் கூடை ஏற்றும்போது அவர் கணக்கு வைப்பது இப்படித்தான். பத்துக் கூடைக்குப் பெரியது, ஒற்றைக் கூடைக்குச் சின்னது. இங்கே பெரியது ஒரு ரூபாய், சின்னது நாலணா.

"அவருக்குக் குடுக்கணும்" என்றார்.

உடனே மணியார்டர் பண்ணிவிடலாம் மாமா, ஊர் எது என்றேன்.

"அறுவது அடிக் கெணறு. அஞ்சு எச்.பி. மோட்டாரு. ரெண்டு தடவ காயில் கருகிருச்சாம்."

"வோல்ட்டேஜ் கொறச்சலா இருக்கும் மாமா" என்றான் சவரிமுத்து.

"அதேதான் சொன்னாரு. வெத்தல, கரும்பு. ரெண்டு பொண்ணு."

ஊர் எது மாமா என்று மறுபடி கேட்டேன்.

அவர் துண்டைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "கேக்கலையே" என்றார். மோட்டார் கம்பெனி பெயரைக்கூடக் கேட்டிருந்தார். ஊரைக் கேட்கவில்லை. அவரும் இவர் ஊரைக் கேட்கவில்லையாம். கிணற்றின் ஆழம் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி இரண்டு பேருக்கும்.

ராசாத்தி கேட்டது

ராத்திரி வண்டி வருகிற நேரத்தில், அவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "அங்கன போயி இதுல ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம் மாப்ள. புள்ள பயந்துரும்."

சுருளிப்பட்டி வாசலில் ராசாத்தி நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். மாமனார் திமிங்கிலம், சிங்கம், நாடகம், ராட்டினம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கடைசியில், "மாப்ளதான் கூடவே இருந்து காட்டுனாரு" என்றார். சின்னம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் கழித்து மகன் பிறந்தான்.

அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் அதையே சொன்னார். குச்சனூர்க் கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஒருவரிடம், மெட்ராஸை என் மருமகன் மாதிரி காட்ட ஆள் கிடையாது என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

பெருமாளையும் அவர் விடவில்லை. வெளியூர் லாரி எது வந்தாலும் டிரைவரிடம் கிணற்றையும் மோட்டாரையும் சொல்லி விசாரிப்பார். சவரிமுத்துவும் காயில் கட்ட வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தான். அந்தப் பெயரில் எத்தனையோ பேர், அந்த ஆழத்தில் எத்தனையோ கிணறு. கரண்டு ரேட்டு குறைந்த வருடம் மாமனார் ஒரு கூடை பன்னீர்த் திராட்சையைத் தனியே எடுத்து வைத்தார். அது வாடுகிற வரைக்கும் வீட்டிலேயே இருந்தது.

மாமனார் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, பாரம் தாங்காமல் ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அப்பா கையை நான் விட்டுவிட்டேன், அந்த ராத்திரி நான் அவர் கூட இல்லை என்றேன்.

அவள் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வந்த அன்னிக்கே தெரியும்" என்றாள். "ராட்டினத்துல ஏறுனேன்னு சொன்னாகள்ல. நீங்க பக்கத்துல இருந்திருந்தா ஏற விட்டிருப்பீகளா?"

அந்தத் துண்டு எங்கள் பெட்டியில் இருக்கிறது. சாயம் முழுக்கப் போய் இப்போது எந்த நிறம் என்றே சொல்ல முடியாது. இரண்டு நுனியையும் யாரும் அவிழ்க்கவில்லை. பெருமாள் என்பவருக்கோ அவருடைய இரண்டு பெண்களுக்கோ நாங்கள் கொடுக்க வேண்டியது: ஆறு ரூபாய் எழுபத்தைந்து காசு.